கடவுள் கேள்வி காத்திருக்கட்டும்

கேள்வி: மூன்று தலைமுறையாக ஒரு கடுமையான மதக் குழுவில் இருக்கிறோம். படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாமே தலைவர் சொல்படிதான். விலகிப் போனவர்களோடு பெற்ற தாய்கூடப் பேசக் கூடாது. எனக்கு 23 வயது, வேலைக்குப் போகிறேன். அந்தப் பிடி இனி வேண்டாம். ஆனால் கடவுள் நம்பிக்கை போய்விட்டதா என்று எனக்கே தெரியவில்லை. தெளிவு வரும்வரை காத்திருக்க வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு

பதில்: காத்திருக்க வேண்டாம். நீங்கள் ஒரே முடிச்சாகப் பார்ப்பது உண்மையில் இரண்டு. ஒரு குழுவின் அதிகாரத்துக்கு இனியும் கட்டுப்படுவதா என்பது ஒன்று. கடவுள் உண்டா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு உங்கள் கடிதமே பதில் சொல்லிவிட்டது. இரண்டாவதுக்கு நாற்பது வயதில் பதில் கிடைத்தாலும் குற்றமில்லை. இரண்டையும் சேர்த்துப் பின்னியது அந்தக் குழுதான். தலைவர் சொல்லே தெய்வத்தின் சொல் என்றான பிறகு, அவரை மறுத்தாலே தெய்வத்தை மறுத்துவிட்ட நடுக்கம் வந்துவிடுகிறது. சீனாவில் கட்டாய மனமாற்றத்துக்கு ஆளானவர்களை ஆராய்ந்து 1961-ல் நூல் எழுதிய மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன், இப்படிப்பட்ட அமைப்புகளின் அடையாளங்களில் ஒன்றைச் சுட்டினார்: உள்ளே இருப்பவருக்கே வாழும் தகுதி உண்டு, வெளியே இருப்பவர் கணக்கிலேயே இல்லை. பிறந்ததிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவருக்கு வாசலைத் தாண்டுவதே அழிந்துபோவதாகத் தோன்றும். அந்தப் பயத்தைப் பக்தி என்று எண்ணிவிடாதீர்கள்.

இரண்டும் வேறு என்பதற்கு அஸ்கர் அலி இன்ஜினீயரின் வாழ்க்கையே சான்று. தாவூதி போரா என்ற முஸ்லிம் சமூகத்தில் மதகுருவின் மகனாகப் பிறந்தவர். தலைமையின் அதிகாரத்தை எதிர்த்ததால் விலக்கிவைக்கப்பட்டார், தாக்கப்பட்டார். ஆனாலும் 2013-ல் இறக்கும்வரை இஸ்லாத்துக்குள் நின்றே பெண்ணுரிமைக்காக எழுதினார். அப்படி விலக்கிவைப்பதை 1949-ல் பம்பாய் மாகாணம் சட்டம் போட்டுத் தடுத்தது. 1962-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. அந்தத் தீர்ப்பு சரியா என்ற கேள்வியை 2023-ல் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. ஆகவே, ஒதுக்கப்பட்டால் சட்டம் உடனே வந்து வீட்டுக் கதவைத் திறந்துவிடும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். ஆனால் ஒதுக்கிவைப்பது வேறு, பிடித்துவைப்பது வேறு. வயதுவந்த பெண்ணின் மதமும் மணமும் அவர் முடிவு என்று ஹாதியா வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. அது ஒரு மதத்தில் சேர்ந்தவரின் வழக்கு. சேர உரிமை உண்டென்றால் விலகவும் உண்டு.

'பாதி வழியில் நிற்பது கோழைத்தனம், நாத்திகர் என்று வெளிப்படையாக அறிவியுங்கள்' என்று சில நண்பர்கள் சொல்லக்கூடும். நான் ஒப்பவில்லை. 2017 மார்ச்சில் கோவையில், தன் நாத்திகத்தை வெளிப்படையாக எழுதிவந்த ஃபாரூக் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடைய துணிவை வணங்குகிறேன். அதே துணிவை உங்களிடம் கேட்க யாருக்கும் உரிமையில்லை. உங்களுக்கு இப்போது தேவை அறிவிப்பல்ல, ஊன்றிக்கொள்ள ஓர் இடம்: ஆதாரும் சான்றிதழ்களும் கையில், சம்பளம் உங்கள் பெயரில் மட்டும் உள்ள கணக்கில், குழுவுக்கு வெளியே இரண்டு மனிதர்கள், ஒரு பிஜி அறை. பூட்டிவைத்தால் அது குற்றம். பெண் என்பதால், வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். தூக்கம் கெட்டால் 14416-ஐ அழையுங்கள். உங்கள் ஊர் நிம்ஹான்ஸ் வழிநடத்தும் டெலி மானஸ் சேவை அது.

'பெற்றவளைவிடச் சுதந்திரம் பெரிதா?' என்பதுதான் கனமான ஆட்சேபம். அம்மாவை உங்களிடமிருந்து பிரிப்பது நீங்களல்ல, பேசக் கூடாது என்ற அந்த விதி. ஆனால் அதை மீறும் சுமை அவர் தலையில் விழும், அதனால் ஊரறிய ஒரு பக்கம் நில்லுங்கள் என்று அவரைக் கேட்காதீர்கள். சத்தமில்லாமல் இடம் மாறுங்கள், உங்கள் எண்ணை மட்டும் அவரிடம் கொடுத்துவையுங்கள். கடவுளையும் விட்டுவிட்டாயா என்று அவர் கேட்டால், இன்னும் தெரியவில்லை அம்மா என்று சொல்லுங்கள். இன்றைய நிலையில் அதுதானே உண்மை.