நாய் காளானைத் தின்றுவிட்டால்

ஐப்பசியில் ரெண்டு நாள் விடாமல் மழை பெய்தால் போதும், தாம்பரம் பக்கம் எங்கள் தெருவில் காலி மனை, வேலியோரம், மட்கிய கட்டை என்று பார்க்கிற இடமெல்லாம் காளான் முளைத்துவிடும். போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை, எங்கள் நாய் கருப்பன் காலி மனையில் எதையோ மென்றுகொண்டிருந்தான். கிட்டே போய்ப் பார்த்தால், உள்ளங்கை அகல வெள்ளைக் குடை ஒன்று பாதி காணாமல் போயிருந்தது.

வாயைத் திறந்து, கடைவாயில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து எடுத்தேன். மீதிக் காளானையும் பக்கத்தில் இருந்த இன்னொன்றையும் அடிமண்ணோடு பெயர்த்துச் செய்தித்தாளில் மடித்துக்கொண்டேன். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்து அழுகிவிடும், அப்புறம் அடையாளம் தெரியாது. குடையின் மேல்புறம், அடிப்புறம், தண்டு, தண்டின் அடிப்பகுதி எல்லாவற்றையும் போட்டோ எடுத்தேன்.

அதற்குள் எதிர்வீட்டு அக்கா சொம்போடு வந்துவிட்டார். "உப்புத்தண்ணி ஊத்து தம்பி, எல்லாம் வெளிய வந்துடும்." நல்ல மனசு, ஆனால் ஆபத்தான வைத்தியம். உப்பு ரத்தத்தில் ஏறினால் நாய்க்கு வலிப்பே வரலாம். கட்டாயப்படுத்தி ஊற்றுகிற எதுவும், பாலோ எண்ணெயோ, நுரையீரலுக்குள் போய்விடக்கூடும். வாந்தி எடுக்க வைப்பது மருத்துவர் வேலை. அதுவும் நாய் தெளிவாக இருக்கும்போது, தின்ற ஓரிரு மணி நேரத்துக்குள் செய்தால்தான் பலன்.

ஆட்டோவில் போகும்போதே டாக்டருக்கு போன் செய்தேன். எப்போது தின்றது, எவ்வளவு, நாயின் எடை என்ன, வாந்தி எடுத்ததா என்று கேட்டார். போனதும் ஊசி போட்டார். சற்று நேரத்தில் வெள்ளைத் துண்டுகள் வெளியே வந்தன. பிறகு விஷத்தை உறிஞ்சும் கரிமருந்து கொடுத்தார். அப்படியும் மதியம் பேதி பிடுங்கியது. டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

எந்த வகை என்று பார்க்க, மிச்சமிருந்த குடையை ராத்திரி வெள்ளைத்தாளில் கவிழ்த்து வைத்தேன். காலையில் தாளில் பச்சை சாயலில் பொடி உதிர்ந்து கிடந்தது. பச்சைப் பொடி உதிர்க்கும், புல்தரையில் வளரும் இந்த வகை வயிற்றைப் புரட்டிப்போடும், பெரும்பாலும் உயிரை எடுக்காது. வேறு சிலவற்றில் எச்சில் ஒழுகும், கண்ணில் நீர் வடியும், நாய் தள்ளாடும். அப்போது தாமதிக்கவே கூடாது.

எல்லாவற்றிலும் மோசமானது அமாடாக்சின் என்ற விஷம் உள்ள வகை. தின்று 6 மணி நேரத்துக்கு மேல் நாய் சாதாரணமாக ஓடியாடும். பிறகு வாந்தி, பேதி. அதுவும் அடங்கி, தேறிவிட்டது போலத் தெரியும். அந்த நேரத்தில்தான் உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். அதனால்தான் கருப்பன் வாலாட்டிக்கொண்டு சோறு தின்ற பிறகும், அடுத்தடுத்த நாள் வரவழைத்து ஈரலுக்கான ரத்தப் பரிசோதனை செய்தார் டாக்டர். வாந்தி நின்றதே என்று யாரும் அதைத் தவிர்க்காதீர்கள்.

புழு அரித்த காளானில் விஷமில்லை என்பார்கள். நம்பாதீர்கள். தோற்றத்தை வைத்து நாமே முடிவுகட்டவும் கூடாது.

மழை விட்டதும் நாயை அவிழ்ப்பதற்கு முன் தோட்டத்தை ஒருமுறை சுற்றி வந்து, முளைத்ததைப் பிடுங்கிப் போடுங்கள். உங்கள் ஊரில் இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று இன்றைக்கே விசாரித்து, எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள்.