பல் வைத்தியருக்கு உடற்கூறு எதற்கு?

கேள்வி: பல் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். நோயாளியின் வாயைப் பார்ப்பதற்கு முன்பே உடற்கூறு, உடலியல், உயிர்வேதியியல் என்று பெரிய பெரிய புத்தகங்களாகப் படிக்கச் சொல்கிறார்கள். பல்லோடு நிற்கப் போகிற எனக்கு இவற்றால் என்ன பிரயோஜனம், ஐயா?
— ஒரு மாணவி, திருநெல்வேலி

பதில்: கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்தாடையின் வெளிப்புற எலும்பு மெல்லியதாகையால், அங்கே வேரருகே ஈறில் போட்ட மரப்பு மருந்து தானே ஊறி நரம்பைச் சேர்ந்துவிடும். கீழ்க் கடைவாய்ப் புறத்து எலும்போ கெட்டியானதாகையால், அங்கே அந்த உபாயம் பெரும்பாலும் பலிப்பதில்லை. எனவே, ஐந்தாம் கபால நரம்பின் கிளையொன்று தாடையெலும்பின் உட்புறத்துத் துவாரத்தில் நுழையுமுன்னரே அதை வழிமறித்து மரக்கச் செய்வது அவசியமாகிறது. நியூயார்க்கில் அறுவை வைத்தியர் ஹால்ஸ்டெட் முதலானோர் 1884-85-இல் கொக்கெயினைக் கொண்டு செய்து காட்டிய இம்முறையையே, மருந்தை மாற்றிக்கொண்டு, இன்றும் கையாளுகிறோம்.

அந்தத் துவாரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தாடையின் முன்விளிம்பை விரலால் தடவிக்கொண்டு, மனத்தில் பதிந்த எலும்பின் உருவத்தை நம்பியே ஊசி போகிறது. நரம்போடு தமனியும் சிரையும் கூடவே செல்வதால், மருந்தைச் செலுத்துமுன் சிரஞ்சைச் சற்றுப் பின்னிழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்க்கிறோம். எலும்பில் தட்டாமல் ஊசி மிகவும் பின்னே போய்விட்டாலோ, மருந்து கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியில் இறங்கி, அதனூடே செல்லும் முக நரம்பை மரக்கச் செய்ய, அந்தப் பக்கத்துக் கண் மூடாது, வாய் கோணும். மருந்தின் வேகம் தணிந்ததும் தானே சரியாகிவிடுமென்று காரணமறிந்தவர் தைரியம் சொல்லிக் கண்ணைப் பாதுகாப்பார். அறியாதவர் நோயாளியைவிட அதிகமாக நடுங்குவார்.

சீழ் கட்டிய பல்லுக்கு மரப்பு ஊசி சரியாகப் பிடிப்பதில்லை என்பது நோயாளிகளுக்கே தெரிந்த சங்கதி. லிக்னோகெயின் என்னும் மரப்பு மருந்தில் மின்னேற்றமில்லாத மூலக்கூறுகளே நரம்பின் கொழுப்புச் சவ்வைக் கடக்க வல்லவை, பி.எச். 7.4 உள்ள நல்ல திசுவில் அவை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இருக்க, அழற்சி கண்ட இடத்தில் அமிலம் மிகுவதால் அந்தப் பங்கும் குறைந்துபோகிறது. ஆகவே, வீங்கிய இடத்திலேயே மேலும் மேலும் குத்துவதைவிட, அப்பால் நல்ல திசுவில் நரம்பை மறிப்பதே உசிதம். இது உயிர்வேதியியலன்றி வேறென்ன?

கிரெப்ஸ் சுழற்சியைப் படிப்படியாக ஒப்பிக்கச் சொல்லும் பரீட்சை முறை எனக்கும் உவப்பானதன்று. அதற்குப் பதிலாக, பல்லில் படிந்த கிருமிகள் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்குவதையும், பி.எச். ஏறத்தாழ 5.5-க்குத் தாழ்ந்தால் எனாமல் கரையத் தொடங்குவதையும் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தால், தாங்கள் இக்கடிதமே எழுதியிருக்க மாட்டீர்கள்.

கீழ்த்தாடையெலும்பு கைக்குக் கிடைக்கும் நாளில், அந்தத் துவாரத்தையும் அதன் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் சிறு எலும்பு முனையையும் தடவிப் பாருங்கள். கூடுமானால் ஒரு குழந்தையின் தாடையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் துவாரம் பற்கள் மெல்லும் மட்டத்துக்குக் கீழே இருக்கும், ஊசியையும் அதற்கேற்பத் தாழ்த்தியே போட வேண்டியிருக்கும்.