புகார் யார் மீது? கவுன்சில் வேலையில் புல்லியிங்கைக் கையாளும் வழி

இங்கிலாந்தில் கவுன்சில் வேலைக்குப் போகும் தமிழர்கள் இன்று பல பிரிவுகளில் இருக்கிறார்கள். வீட்டுவசதி, நூலகம், கணக்கு, முதியோர் பராமரிப்பு என்று ஊழியர்களாகவும், மேலாளர்களாகவும், தேர்தலில் வென்ற கவுன்சிலர்களாகவும் இருக்கிறார்கள். புல்லியிங் புகார் ஒன்று கிளம்பினால் நீங்கள் அதைக் கொடுப்பவராக இருக்கலாம், பெறுபவராக இருக்கலாம், அதில் பெயர் அடிபடுபவராகவும் இருக்கலாம். மூவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: புகார் யார் மீது?

இரண்டு பாதை

கவுன்சிலில் இரு வகை மனிதர்கள் வேலை செய்கிறார்கள். ஊழியருக்கு வேலை ஒப்பந்தம் உண்டு. கவுன்சிலரை மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்புகிறார்கள். அவருக்கு முதலாளியும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை.

சக ஊழியர் மீதோ மேலாளர் மீதோ புகார் என்றால் அது கிரீவன்ஸ் (ஊழியர் குறைதீர்ப்பு) நடைமுறையில் போகும். குற்றம் உறுதியானால் ஒழுங்கு நடவடிக்கை வரும். கவுன்சிலர் மீது என்றால் 2011-ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டப்படி, உறுப்பினர் நடத்தை விதிகளின் கீழ், நெறிகளைக் கண்காணிக்கும் அதிகாரியான மானிட்டரிங் ஆபீசரிடம் போக வேண்டும். பாரிஷ், டவுன் கவுன்சில்களுக்குத் தனி மானிட்டரிங் ஆபீசர் கிடையாது. அந்தப் பகுதியின் மாவட்ட அல்லது யூனிட்டரி கவுன்சிலில் இருப்பவரே அவர்களுக்கும் பொறுப்பு.

லெட்பரியில் நடந்தது

ஹெரிஃபோர்ட்ஷயரில் லெட்பரி என்ற சிறு நகரம். 2016-ல் அங்குள்ள டவுன் கவுன்சிலின் கிளார்க்கும் (தலைமை அலுவலர்) துணைக் கிளார்க்கும் ஒரு கவுன்சிலர் மீது புல்லியிங் புகார் கொடுத்தார்கள். கவுன்சில் அதைக் கிரீவன்ஸாக எடுத்து விசாரித்து, அந்த உறுப்பினரைக் குழுக்களிலிருந்து விலக்கியது. அலுவலகத்தோடு மேயர் வழியாகத்தான் தொடர்புகொள்ள வேண்டும் என்றும் கட்டுப்படுத்தியது. அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2018 மே மாதம் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. கவுன்சிலரின் நடத்தையைக் கிரீவன்ஸ் நடைமுறையால் விசாரித்துத் தண்டிக்கக் கவுன்சிலுக்கு அதிகாரமே இல்லை, விசாரித்த விதமும் நியாயமாக இல்லை என்றது நீதிமன்றம்.

இதில் யாருக்கு என்ன லாபம்? புகார் கொடுத்த இருவருக்குச் சாதகமாகக் கவுன்சில் எடுத்த முடிவு இரண்டு வருடம் கழித்து நிற்கவில்லை. கவுன்சிலர் தன் பெயரைக் காக்க வழக்கு நடத்த வேண்டியிருந்தது. வழக்குச் செலவு ஊர் மக்களின் வரிப்பணத்தில் போனது. பாதை தவறினால் இருபக்கமும் நீதி கெடும்.

எது புல்லியிங்?

பிரிட்டனில் புல்லியிங்குக்கென்று தனிச் சட்ட வரையறை இல்லை. மிரட்டுவது, அவமதிப்பது, கையிலிருக்கும் அதிகாரத்தைக் காட்டி ஒருவரைச் சிறுமைப்படுத்துவது, மனத்தையோ உடலையோ புண்படுத்துவது என்பதுதான் தொழிலாளர் ஆலோசனை அமைப்பான ஏகாஸ் தரும் விளக்கம். வேலையில் குறை இருந்தால் அதைத் தனியாக அழைத்து, மரியாதையோடு, ஆதாரத்தோடு சொல்வது மேலாளரின் கடமை; அது புல்லியிங் ஆகாது.

அதே நடத்தை இனம், பால், வயது, மதம், உடற்குறைபாடு போன்றவற்றைத் தொட்டு வந்தால் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி அது ஹராஸ்மென்ட் ஆகலாம். உங்கள் உச்சரிப்பைக் கூட்டத்தில் நடித்துக் காட்டிச் சிரிப்பதும், பெயரை வேண்டுமென்றே கொலை செய்வதும் இதில் வரக்கூடும். "சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்" என்ற சமாதானம் மட்டும் தப்பிக்கப் போதாது. நோக்கத்தைப் போலவே விளைவையும் சட்டம் பார்க்கிறது.

புகார் கொடுப்பவருக்கு

"பொறுத்துக்கோம்மா, வேலைதானே முக்கியம்" என்று வீட்டில் சொல்வார்கள். அன்பால் சொல்வதுதான். ஆனால் பொறுத்துக்கொண்டே போனால் காலக்கெடு கைநழுவிவிடும்.

அன்றன்றைக்கு எழுதி வையுங்கள். "அவர் எப்போதும் என்னை மட்டம் தட்டுகிறார்" என்ற வரியை வைத்து விசாரணை அதிகாரியால் எதுவும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்: "செவ்வாய், காலை 10.20, வாராந்தரக் கூட்டம். நான் பட்ஜெட் அறிக்கையை வாசித்தபோது அவர் தாளை என் கையிலிருந்து பிடுங்கி, 'இதைப் படிக்கத் தெரிந்த ஆள் யாராவது இருக்கிறீர்களா?' என்றார். கூட்டத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். பிறகு என்னால் பேச முடியவில்லை." நாள், நேரம், இடம், சொன்ன சொல், பார்த்தவர்கள், உங்களுக்கு நேர்ந்தது: ஆறும் இருந்தால் போதும்.

யூனிசன், ஜி.எம்.பி., யுனைட் போன்ற சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் முதல் நாளே பிரதிநிதியிடம் பேசுங்கள். கிரீவன்ஸ் கூட்டத்துக்குச் சங்கப் பிரதிநிதியையோ சக ஊழியரையோ துணைக்கு அழைத்துப் போவது உங்கள் சட்ட உரிமை. தூக்கம் கெட்டால் குடும்ப மருத்துவரை (ஜி.பி.) பாருங்கள், அந்தப் பதிவும் சான்றுதான்.

காலக்கெடுவை மறக்காதீர்கள். ஹராஸ்மென்ட் வழக்கை எம்ப்ளாய்மென்ட் ட்ரிப்யூனலுக்கு (தொழிலாளர் தீர்ப்பாயம்) கொண்டுபோக, கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு என்பதே நெடுநாள் விதி. இதை ஆறு மாதமாக நீட்டும் சட்டம் 2025 டிசம்பரில் நிறைவேறியது. உங்கள் சம்பவத்துக்கு எந்தக் கெடு பொருந்தும் என்று ஏகாஸ் உதவி எண்ணில் உடனே கேட்டுக்கொள்ளுங்கள். கவுன்சிலின் உள்விசாரணை முடியட்டும் என்று காத்திருந்தால் கெடு உங்களுக்காக நிற்காது.

புகாரைப் பெறுபவருக்கு

முதலில், கிடைத்தது என்று எழுத்தில் பதில் அனுப்புங்கள். அதில் தீர்ப்புத் தொனி வேண்டாம். "அவர் அப்படிப்பட்டவர் இல்லையே" என்ற ஒரு வரி முழு விசாரணையையும் கெடுத்துவிடும். அடுத்து, பேசித் தீர்க்க விருப்பமா என்று கேளுங்கள். மத்தியஸ்தம் நல்ல வழிதான், ஆனால் இருவரும் மனமுவந்து சம்மதிக்க வேண்டும்.

விசாரணை என்றால் எதை விசாரிக்கிறோம் என்று குற்றச்சாட்டுகளை எண்ணிட்டு எழுதுங்கள். விசாரிப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் வேறொருவர், மேல்முறையீட்டைக் கேட்பவர் மூன்றாமவர் என்று பிரியுங்கள். குற்றவழக்கைப் போல ஐயமற நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கவே கூடுதல் வாய்ப்பு என்று சான்றுகள் காட்டினால் போதும். ஏகாஸ் நடைமுறை விதிகளைக் காரணமின்றி மீறிய முதலாளிக்கு ட்ரிப்யூனல் இழப்பீட்டை 25 சதவீதம் வரை கூட்டலாம்.

இருவரையும் பிரித்து வைப்பது அவசியமானால், புகார் கொடுத்தவரை அவர் விருப்பமின்றி இடம் மாற்றாதீர்கள். தண்டிக்கப்பட்டது தான்தான் என்றே அவர் நினைப்பார்.

சின்ன கவுன்சிலின் சிக்கல்

பல பாரிஷ் கவுன்சில்களில் ஒரே ஊழியர் கிளார்க்தான். அவருக்கு மேலே எச்.ஆர். பிரிவு இல்லை. அவரைத் துன்புறுத்துபவர் தலைவரே என்றால் யாரிடம் போவது? நடத்தைப் புகார் மானிட்டரிங் ஆபீசருக்குத்தான் போகும்; ஆனால் முதலில் புகாரை வாங்கவும் ஊழியரைப் பார்த்துக்கொள்ளவும், பிரச்சினை வருவதற்கு முன்பே மூன்று அல்லது நான்கு பேர் கொண்ட ஊழியர் நலக் குழுவை அமையுங்கள். மேல்முறையீட்டுக்கு வேறு சிலரை ஒதுக்கி வையுங்கள். முழுக் கவுன்சிலிலும் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டால், பிறகு மேல்முறையீட்டைக் கேட்க நடுநிலையான உறுப்பினர் ஒருவரும் மிஞ்சமாட்டார். கூட்டத்தில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் தீர்மானம் போட்டுப் பொதுமக்களை வெளியே அனுப்பிய பிறகே எடுங்கள்.

மானிட்டரிங் ஆபீசரின் விசாரணை நடக்கும்போதும் ஊழியரைப் பாதுகாக்கும் கடமை கவுன்சிலுக்கே. கிளார்க் தனியாகச் சந்திப்புக்குப் போகாதபடி துணைக்கு ஒருவர், அலுவலகத்துக்குப் பொதுவான மின்னஞ்சல், வீட்டிலிருந்து வேலை என்று அவருடைய வேலை ஏற்பாட்டை மாற்றுங்கள். கவுன்சிலர் மீது நடவடிக்கை எடுப்பது உங்கள் வேலை அல்ல.

அந்த விசாரணையின் முடிவில் கிடைப்பதும் அளவானதே. இங்கிலாந்தில் 2011 சட்டத்துக்குப் பிறகு, விதி மீறிய கவுன்சிலரைக் கண்டிக்கலாம், மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம், பயிற்சிக்கு அனுப்பலாம், குழுவிலிருந்து விலக்கப் பரிந்துரைக்கலாம். பதவியிலிருந்து இடைநீக்கம் செய்ய முடியாத நிலை உருவானது. ஆறு மாதம் வரை இடைநீக்கம் செய்யும் அதிகாரம் வேண்டும் என்று பொதுவாழ்வு நெறிகளுக்கான குழு 2019-லேயே பரிந்துரைத்தது. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையே வேறு. அங்கே இடைநீக்கம் உண்டு.

பெயர் அடிபட்டவருக்கு

குற்றச்சாட்டு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். புகார் கொடுத்தவரிடம் நேரில் போய் நியாயம் கேட்காதீர்கள், ஆள் அனுப்பாதீர்கள், மின்னஞ்சல்களை அழிக்காதீர்கள். அவற்றில் ஒன்றைச் செய்தாலும் அதுவே புதுப் புகாராகும். உங்களுக்கும் பதில் சொல்லவும் சாட்சி காட்டவும் உரிமை உண்டு; அதை விசாரணைக்குள்ளேயே பயன்படுத்துங்கள்.

கவுன்சிலில் இருக்கும் ஒவ்வொருவரும் இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கவுன்சிலின் கிரீவன்ஸ் விதியையும் உறுப்பினர் நடத்தை விதியையும் எடுத்துப் படியுங்கள். தலைவர் மீதே புகார் வந்தால் அதை வாங்குவது யார் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் அதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.