துருவேறிய எம்ஜிபி: மருமகனுக்கு ஒரு மடல்



துருப்பிடித்த பழைய ஸ்போர்ட்ஸ் காரை மீட்டெடுப்பதா, கைவிடுவதா என்ற கேள்வியை எஞ்சினிலிருந்து தொடங்குவோரே மிகுதி. எம்ஜிபியைப் பொறுத்தவரை அங்கே தொடங்கினால் விடை கிடைக்காது. இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் செய்யப்பட்ட இந்தக் காரின் 1798 சிசி எஞ்சின், அதைச் செய்த நிறுவனத்தின் சாதாரணக் குடும்பக் கார்களில் ஓடிய எஞ்சின்களின் வழிவந்தது ஆதலால், இறுகி நின்றுபோயிருந்தாலும் அதைப் பிரித்துச் சீர்செய்வது அரிய வேலையன்று, உதிரிப்பாகங்களுக்கும் பஞ்சமில்லை. முடிவைத் தீர்மானிப்பது உடற்கூடு, அதிலும் குறிப்பாகக் கதவுகளுக்கு அடியில் இருக்கும் பகுதி.

இதற்கு முந்தைய எம்ஜிஏவில் சேசிஸ் என்னும் இரும்புச் சட்டம் தனியாகவும் அதன்மேல் ஏற்றிய பாடி தனியாகவும் இருந்தன. எம்ஜிபியிலோ மோனோகாக் என்னும் முறை கையாளப்பட்டது, அதாவது தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைத்து உருவாக்கிய கூடே சட்டம் சுமக்க வேண்டிய பாரத்தையும் சுமக்கிறது. கூரையில்லாத திறந்த காரில், முன்பாதியையும் பின்பாதியையும் வளையாமல் பிணைத்து வைக்கும் பொறுப்பில் பெரும்பங்கு, இரு கதவுகளின் கீழும் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை ஓடும் ‘சில்’ என்ற பெட்டி வடிவ உறுப்புக்கு உரியது. வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக நிற்கும் ஒரு தடுப்புத் தகடு, கோட்டை மதில் போன்ற படிவடிவத்தால் ‘காசில் ரெயில்’ என அழைக்கப்படும் அடித்துண்டு ஆகியவை சேர்ந்ததே அது; வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது இவற்றுள் முதலாவது மட்டுமே.

துரு இங்கே வந்து தங்குவதற்குக் காரணம் உண்டு. முன்சக்கர வளைவுக்குள் அடிக்கும் சேறு சில்லின் முன்முனையில் படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலைகளில் தூவப்படும் உப்பு அந்த ஈரத்தோடு கலந்தால், உப்புநீர் மின்னோட்டத்தை எளிதில் கடத்துவதால், துருப்பிடித்தல் என்ற மின்வேதி வினை பன்மடங்கு விரைகிறது. இரும்பு துருவாக மாறும்போது முன்னிருந்ததைவிடக் கூடுதல் இடத்தை அடைத்துக்கொள்ளும் ஆதலால், ஒட்டிப் பற்றவைத்த இரு தகடுகளுக்கிடையே நுழைந்த துரு அவற்றைப் பிளந்து, புதிய ஈரத்துக்கு வழிவிட்டு, தன் வேலையைத் தானே பெருக்கிக்கொள்கிறது. பெயின்ட்டின்மேல் ஒரு சிறு கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும். இருக்கைகளுக்குப் பின்னால் பாட்டரி வைக்கும் குழிகளும், பின்பக்கப் பட்டைவில்கள் பொருந்தும் இடங்களும் இதே கவனத்தைக் கேட்பவை. 1974 வரை அக்குழிகளில் 6 வோல்ட் பாட்டரிகள் இரண்டு இருந்தன, அவற்றின் அமிலக் கசிவும் தகட்டை அரித்திருக்கலாம்.

மருமகன் பார்த்துவந்த கார் பளபளவென்று புதுப் பெயின்ட்டோடு நிற்பதாகச் சொல்லியிருப்பது மாமனுக்கு மகிழ்ச்சியைவிட ஐயத்தையே தருகிறது. வெளிப்படையாகத் துருத் தெரியும் கார் தன் நோயை மறைப்பதில்லை. பட்டி பூசி வழவழப்பாக்கிய காரோ, அழுகிய உள்தகட்டின்மேல் புதிய வெளித்தகட்டை மட்டும் ஒட்டவைத்ததாக இருக்கக்கூடும். பட்டியைக் கண்டுபிடிக்க ஒரு சிறு காந்தம் போதும், அது ஒட்டாத இடத்தில் இரும்பில்லை என்று பொருள் (முற்கால எம்ஜிபிகளின் பானட் அலுமினியத்தால் ஆனது என்பதை மறந்து அங்கே காந்தம் வைத்து ஏமாற வேண்டாம்). மேலும், 40 ஆண்டு கடந்த, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு பிரிட்டனில் எம்ஓடி என்ற ஆண்டுச் சோதனையிலிருந்து 2018 முதல் விலக்கு இருப்பதால், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு காரின் அடித்தகட்டைப் பல ஆண்டுகளாக எந்தச் சோதகரும் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

சில்லை முறையாக மாற்றுவது டிங்கரிங் பட்டறையில் ஒரு வார வேலை என்று எண்ணுவது பிழை. அதன் இரு முனைகளும் முன்பின் மட்கார்டுகளுக்குள் மறைந்திருப்பதால், அவற்றின் கீழ்ப்பகுதிகளைக் கழற்றவோ வெட்டவோ நேரும். வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புத் தாங்கிகளைப் பற்றவைத்துக் கூட்டை அசையாமல் நிறுத்தாவிட்டால், பழைய சில்லை எடுத்த மறுகணமே கூடு தொய்ந்து, புதியது அந்தத் தொய்வோடேயே நிலைத்துவிடும். பிறகு கதவு ஒருநாளும் சரியாகப் பொருந்தாது. ஒரு பக்கம் முடிந்த பின்னரே மறுபக்கத்தைத் தொடுவது அறிந்தோர் வழக்கம்.

அப்படியானால் கூட்டையே புதிதாக வாங்கலாமே என்று தோன்றும். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைக் கொண்டே 1988 முதல் எம்ஜிபியின் முழு உடற்கூட்டை மீண்டும் செய்யத் தொடங்கியது உண்மைதான். ஆனால் அதனால் விளையும் எண்ணம் வேறு: ஐந்து லட்சத்துக்கு மேல் பிறந்து, கூடும் புதிதாகக் கிடைக்கும் ஒரு காரை ‘காப்பாற்றியே தீர வேண்டும்’ என்ற இரக்கத்துக்கு அதிக இடமில்லை. கூடு வந்தாலும் வயரிங் முதல் கண்ணாடிவரை ஒவ்வொன்றையும் இடம்மாற்றும் உழைப்பு குறைவதில்லை. செலவழித்த தொகை பெரும்பாலும் முடிந்த காரின் விலையைத் தாண்டியே நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுவதே விருப்பமானால், இன்னொருவர் பணத்தைக் கரைத்து முடித்த நல்ல காரை வாங்குவது சிக்கனம். வெல்டிங் கற்பதிலும் கை கருப்பதிலும் இன்பம் காண்பவருக்கு மட்டுமே துருவேறிய கார் பொருந்தும். இந்த இரண்டில் எது தன் விருப்பம் என்பதை மருமகனைத் தவிர வேறு எவரும் சொல்ல இயலாது.

அடுத்த முறை போகும்போது ஒரு ஜாக்கியை எடுத்துச் செல்வது நல்லது. உரிமையாளரின் இசைவோடு, பக்கத்துக்கொன்றாக உள்ள தூக்குமுனையில் அதைப் பொருத்தி மெல்ல உயர்த்தி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். தூக்குமுனை சில்லுக்குள் அமிழ்ந்தாலோ, கதவு சிக்கினாலோ, விலை பேசாமல் திரும்பலாம். சிக்காவிட்டால், காரைத் தரையில் இறக்கியபின் முன்சக்கர வளைவுக்குள் கையை விட்டுச் சேற்றைத் தடவிப் பார்ப்பது அடுத்த வேலை.

அன்புடன்,
மாமா