அண்டை ஊர்களின் கூட்டு நீர் நிர்வாகம்: நியூஸிலாந்து தரும் பாடம்

தனித்து நின்றால் நூலை அதிக விலைக்கு வாங்கி, நெய்த துணியைக் குறைந்த விலைக்கு விற்க நேரிடும் என்பதை நெசவாளர் அறிவர். விளைபொருளைத் தனித்து விற்கும் துன்பத்தை விவசாயிகளும் அறிவர். அதனாலேயே நாம் சங்கம் அமைத்தோம். தனி மனிதர்களுக்குப் பயன் தரும் இம்முறை, ஊர்களை ஆளும் மன்றங்களுக்கும் பயன் தருமா? அண்டை ஊர்கள் கூடித் தம் குடிநீரை ஒரே நிர்வாகத்தின்கீழ் நடத்துதல் இயலுமா? அண்மை ஆண்டுகளில் நியூஸிலாந்து நாடு இவ்வினாவோடு போராடியுள்ளது. அந்த அனுபவம் நமக்கும் ஆராயத்தக்கது.

ஏன் கூட வேண்டும்?

அந்நாட்டின் வடதீவில், கிழக்குக் கரையை அடுத்து ஹேவ்லாக் நார்த் என்னும் ஊர் உள்ளது. அங்கு சுமார் 14,000 மக்கள் வாழ்ந்தனர். ஆழ்குழாய்க் கிணற்று நீர் தூயதே என்ற நம்பிக்கையால், அந்நீருக்குக் குளோரின் சேர்க்கப்படவில்லை. 2016 ஆகஸ்டில் பெருமழை பெய்தது. ஆட்டுப் புழுக்கை கலந்த மழைநீர் அருகிலிருந்த குட்டையில் சேர்ந்து, அங்கிருந்து நிலத்தடி நீருக்குள் இறங்கிக் கிணற்றை அடைந்தது. 5,000 பேருக்கு மேல் வயிற்று நோயால் வருந்தினர்; சிலர் இறந்தனர். நீர் வழங்கிய மாவட்ட மன்றமும், நிலத்தடி நீரைக் காக்கக் கடமைப்பட்ட வட்டார மன்றமும் ஒத்துழைக்கத் தவறின என்பது அரசு விசாரணையில் வெளிப்பட்டது.

அந்நாட்டில் 67 நகர, மாவட்ட மன்றங்கள் உள்ளன. அவற்றுள் பல மிகச் சிறியவை. தேர்ந்த பொறியாளர், நீர்ப் பரிசோதனை, இரவும் பகலும் கண்காணிப்பு ஆகியவற்றுக்கு ஆகும் செலவு ஊர் சிறிதாயிருப்பதால் அதே அளவுக்குக் குறைந்துவிடாது. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 500 வீடுகள் உள்ள ஓர் ஊர், இவற்றுக்கு ஆண்டுதோறும் ரூ. 1,00,000 செலவிட்டால் வீட்டிற்கு ரூ. 200 ஆகும். அத்தகைய நான்கு ஊர்கள் கூடி ரூ. 2,00,000 செலவில் அதே பணியை முடித்தால், 2,000 வீடுகளுக்கும் வீட்டிற்கு ரூ. 100 தான் ஆகும். ஆனால் தெருவில் புதைக்கும் குழாயின் நீளம் கூட்டினால் குறையாது. அறிவும் ஆளும் கடன் வாங்கும் ஆற்றலும் பெருகுவதே கூட்டின் பயன். இதை மறந்து எல்லாச் செலவும் பாதியாகும் என்று எண்ணுவோர் ஏமாற்றமடைவர்.

மேலிருந்து வந்த இணைப்பு

2021-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு, எல்லா மன்றங்களின் நீர்ப் பணிகளையும் நான்கு பெரு நிறுவனங்களில் சேர்க்கத் திட்டமிட்டது. 2023-இல் நான்கு என்பதைப் பத்து என மாற்றியது. மன்றங்கள் பல இதனை எதிர்த்தன. எங்கள் மக்கள் வரி கொடுத்துப் பதித்த குழாய்களை எங்கள் இசைவின்றி எடுத்துக்கொள்வது முறையா என்பது அவற்றின் கேள்வி. மேற்பார்வையில் மாவோரி மக்களுக்குச் சமபங்கு அளிப்பது குறித்தும் கடும் வாதம் நிகழ்ந்தது. 2023 தேர்தலில் ஆட்சி மாறியது. 2024 பிப்ரவரியில் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆண்டுகள் சென்றன; பழைய குழாய்களோ மண்ணுக்குள் மேலும் பழையனவாயின. திட்டத்தின் நோக்கம் நல்லதாயினும், சேர்வோர் மனமுவந்து சேரவில்லையெனில் அது நிலைக்காது. சேர்வது தன் விருப்பத்தால் அமைய வேண்டும் எனக் கூட்டுறவாளர் வற்புறுத்துவதன் காரணம் இங்கு விளங்கும்.

பணம் கையில் இல்லாத கூட்டு

விரும்பிச் சேர்ந்தால் மட்டும் போதுமா? தலைநகரமாகிய வெல்லிங்டனைப் பார்ப்போம். அந்நகரும் அண்டை மன்றங்களும் கூடி 2014-இல் வெல்லிங்டன் வாட்டர் என்னும் கூட்டு நிறுவனத்தை அமைத்தன. ஆயினும் குழாய்கள் மன்றங்களின் உடைமையாகவே இருந்தன. ஆண்டுதோறும் எவ்வளவு செலவிடுவது என்பதை ஒவ்வொரு மன்றமும் தனித்தனியே முடிவு செய்தது. நிறுவனம் குழாயைப் பழுது பார்க்கலாம். புதுக் குழாய்க்குப் பணம் வேண்டுமெனில் ஒவ்வொரு மன்றத்தின் வாயிலிலும் காத்து நிற்க வேண்டும். மன்றங்களோ வரியை உயர்த்தத் தயங்கின. இறுதியில், அனுப்பிய நீரில் ஐந்தில் இரு பங்கு கசிந்து வீணாகிறது என்று மதிப்பிடும் நிலை 2023-ஐ ஒட்டி ஏற்பட்டது. பொறுப்பை ஒருவரிடமும் பணப்பையை வேறொருவரிடமும் வைத்தால், எவரையும் குறை கூற இயலாத குறை ஒன்று பிறக்கிறது.

புதிய ஏற்பாடு

2024-இல் வேறொரு சட்டம் வந்தது. மன்றம் தானே நீர்ப் பணியை நடத்தலாம். அல்லது அண்டை மன்றங்களோடு கூட்டு நிறுவனம் அமைக்கலாம். எவ்வழியாயினும், 2025 செப்டம்பர் 3-க்குள் திட்டத்தை அளித்தல் வேண்டியிருந்தது. நீருக்கென வாங்கும் பணத்தை நீருக்கே செலவிடல் வேண்டும். ஹாமில்ட்டன் நகரமும் வைகாட்டோ மாவட்டமும் கூட்டு நிறுவனம் அமைக்க இசைந்தன. வெல்லிங்டன் பகுதி மன்றங்களும், இம்முறை குழாய்களையே உடைமையாகக் கொள்ளும் புது நிறுவனத்தைத் தேர்ந்தன.

கடன் ஏற்பாடு நம் அங்கத்தினர்க்குப் புதிதன்று. அந்நாட்டு மன்றங்களும் அரசும் பங்கு செலுத்தி 2011-இல் ஒரு கடன் நிறுவனத்தைத் தொடங்கின. கடன் பெறும் மன்றங்கள் அதற்குக் கூட்டாக ஜாமீன் நிற்கின்றன. நம் மத்தியக் கூட்டுறவு வங்கிகளின் நினைவு வரவில்லையா? நீர் நிறுவனங்கள் தம் வருவாயின் ஐந்து மடங்கு அளவுக்குக் கடன் பெறவும் வழி செய்யப்பட்டுள்ளது. அறுபது, எழுபது ஆண்டு உழைக்கும் குழாயின் விலையை ஒரே தலைமுறை சுமக்காமல் பிற்காலத்தவரும் பகிர்வது நியாயமே. ஆனால் ஜாமீன் நிற்பவன் கணக்கைப் பாராது இருத்தல் தகாது.

கூடுமுன் தீர்க்க வேண்டியவை

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்றே. கூட்டிற்குப் பணியை மட்டும் கொடுத்தல் ஆகாது. அப்பணிக்குரிய பொருளையும் அதிகாரத்தையும் சேர்த்தே கொடுத்தல் வேண்டும். கொடுத்தபின் கணக்குக் கேட்கும் உரிமையைக் கைவிடுதலும் ஆகாது. பெரிய ஊர் தன் தொகையால் சிறிய ஊரை அடக்குமோ என்பது ஓர் அச்சம். சிறிய ஊரின் பழைய கடனைப் பெரிய ஊர் சுமக்க நேருமோ என்பது மற்றோர் அச்சம். இரண்டும் நியாயமானவை. கூடும் நாளிலேயே இவற்றை எழுத்தில் தீர்த்தல் நன்று; பின்னர்ப் பேசிக்கொள்ளலாம் என விட்டவை பிணக்காக முடியும்.

சங்கக் கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. சொத்து எவருடையது? உடைமையைக் கொடாமல் பொறுப்பை மட்டும் கொடுத்தல் தகுமா?

2. வாக்கு, ஊருக்கு ஒன்றா, மக்கள் தொகைக்கு ஏற்பவா? நம் சங்கத்தில் நாம் எம்முறையைக் கொண்டுள்ளோம்? ஏன்?

3. குழாயை நன்கு பேணிய ஊரும் பேணாத ஊரும் ஒரே கட்டணம் செலுத்துதல் நீதியாகுமா? உடனேயா, சில ஆண்டுகள் கழித்தா?

4. நம் சங்கம் அண்டைச் சங்கத்துடன் சேர்ந்து நடத்தத்தக்க பணி எது? அதற்குரிய பணத்தையும் சேர்த்தே ஒப்படைக்க நாம் இசைவோமா?