2.9 லிட்டர்: ஒரு சீன செடானின் மைலேஜ் எண்ணை எப்படிப் படிப்பது?

இந்த வார எபிசோடில் சீன கார்களைப் பற்றிப் பேசும்போது பிஒய்டி சின் எல் என்ற பெயரைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். நேரம் பத்தவில்லை. ஆனால் அந்தக் காரில் ஒரு எண் இருக்கிறது, அதைக் கொஞ்சம் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தே ஆகணும். 100 கிலோமீட்டருக்கு 2.9 லிட்டர் பெட்ரோல். அதுவும் பேட்டரி தீர்ந்த பிறகு! 2024 மே 28 அன்று சின் எல் காரையும் அதன் இரட்டைப் பிறவியான சீல் 06 காரையும் அறிமுகம் செய்தபோது பிஒய்டி சொன்ன கணக்கு இது.

நம்ம வீடுகளில் புதுக் கார் வந்தால் ஊரிலிருந்து வரும் முதல் கேள்வி எது என்று உங்களுக்குத் தெரியும். "எவ்வளவு கொடுக்கும்?" சித்தப்பா, மாமா யாராக இருந்தாலும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றுதான் கேட்பாங்க. அவங்க கணக்கில் 2.9 என்பது லிட்டருக்கு 34.5 கிலோமீட்டர். இங்கே லண்டனில் நாம் பேசுகிற கணக்கில் 97 எம்பிஜி. ஊரில் ஸ்கூட்டரே 45, 50 கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள். 4.83 மீட்டர் நீளம், ஐந்து பேர் உட்காரும் செடான் 34 கொடுக்கும் என்றால் யாரும் சிரிப்பார்கள். அது பொய்யா? பொய் இல்லை. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை.

முதலில் கார் எப்படி ஓடுகிறது என்பதைப் பார்ப்போம். பிஒய்டி இதை டிஎம்-ஐ என்கிறது. தாத்தா பாட்டி வீட்டுக்கு லீவுக்குப் போனவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். அங்கே மாடியில் ஒரு தண்ணீர் டேங்க் இருக்கும். காலையில் மோட்டார் போடுவார்கள், அரை மணி நேரம் ஓடும், டேங்க் நிரம்பியதும் நிறுத்திவிடுவார்கள். நீங்கள் குழாயைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் மோட்டார் ஓடாது. தண்ணீர் டேங்கிலிருந்து வரும். மோட்டார் ஓடும்போது முழு மூச்சாக, ஒரே சீராக ஓடும், அதனால் கரண்ட் வீணாகாது.

டிஎம்-ஐ காரில் பேட்டரிதான் அந்த டேங்க். பெட்ரோல் என்ஜின்தான் அந்த மோட்டார். சக்கரத்தைச் சுற்றுவது பெரும்பாலும் மின்மோட்டார். நகரத்துக்குள் மெதுவாகப் போகும்போது என்ஜின் தூங்கும், அல்லது ஜெனரேட்டராக மட்டும் ஓடி மின்சாரம் தரும். ஹைவே வேகம் வந்ததும் ஒரு கிளட்ச் மூடிக்கொண்டு என்ஜின் நேரடியாகச் சக்கரத்தோடு சேர்ந்துகொள்ளும், ஏனென்றால் அந்த வேகத்தில் அதுதான் லாபம். ஐந்தாறு கியர் போட்டு மாற்றுகிற வேலை எதுவும் இல்லை.

இப்படி அமைத்ததால் என்ஜினுக்கு ஒரு பெரிய விடுதலை கிடைக்கிறது. சாதாரண காரில் என்ஜின் சிக்னலில் இழுக்கணும், மேட்டில் ஏறணும், டிராஃபிக்கில் ஊர்ந்து போகணும், எல்லா நிலையிலும் சுமாராக வேலை செய்யணும். இங்கே அது தனக்குப் பிடித்த ஒரு சில நிலைகளில் மட்டும் ஓடினால் போதும். அதற்கென்றே செய்த 1.5 லிட்டர் என்ஜின் இது. வெப்பத் திறன் 46.06% என்று பிஒய்டி சொல்கிறது. அதாவது எரிகிற பெட்ரோலின் சக்தியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான அளவு உருப்படியான வேலையாக மாறுகிறது. இந்த விஷயத்தில் பல வருஷம் வாத்தியாராக இருந்த டொயோட்டா ஹைப்ரிட் என்ஜின்கள் 40, 41% என்றுதான் பேசப்பட்டன. பழைய பெட்ரோல் கார்கள் நகர டிராஃபிக்கில் 20% தொட்டாலே பெரிய விஷயம்.

இதைச் செய்தது போன் பேட்டரி செய்துகொண்டிருந்த கம்பெனி என்பதை மறந்துவிடாதீங்க. வாங் சுவான்ஃபு 1995-இல் ஷென்சென் நகரில் ஆரம்பித்த பிஒய்டி, நோக்கியா, மோட்டரோலா போன்களுக்கு பேட்டரி செய்தது. 2003-இல்தான் ஷியான் நகரில் இருந்த ஒரு சின்ன கார் கம்பெனியை வாங்கி இந்தத் தொழிலுக்குள் வந்தது. 2008-இலேயே பிளக்-இன் ஹைப்ரிட் விற்க ஆரம்பித்துவிட்டது. அப்போது உலகம் கவனிக்கவில்லை.

இனி கணக்கு. பயப்படாதீங்க, ஏழாம் வகுப்புக் கணக்குதான். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் சக்தி இருக்கிறது. (ஊரில் கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட். இங்கே கிலோவாட்-ஹவர் என்போம்.) 2.9 லிட்டரில் 26 யூனிட். என்ஜின் அதில் 46% எடுத்தால் 12 யூனிட். ஆக, 12 யூனிட்டில் இந்தக் கார் 100 கிலோமீட்டர் போக முடியுமா என்பதுதான் கேள்வி. மெதுவாக, சீராகப் போனால், முடியும். நல்ல மின்சார செடான்கள் நிதானமாக ஓட்டும்போது இந்த அளவில்தான் செலவு செய்கின்றன.

"மெதுவாக" என்ற வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த 2.9 வந்தது என்இடிசி என்ற பழைய ஐரோப்பிய சோதனை முறையில். லேபுக்குள் உருளைகள் மேல் கார் 20 நிமிஷம் ஓடும். மொத்தத் தூரம் 11 கிலோமீட்டர். சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர் பக்கம். 120-ஐத் தொடும், ஆனால் பத்து விநாடிதான். ஏசி போடமாட்டார்கள். ஐரோப்பா இந்த முறையை 2017-இலிருந்து கைவிட்டு டபிள்யூஎல்டிபி என்ற கொஞ்சம் கடினமான முறைக்கு மாறியது. அதில் 30 நிமிஷம், 23 கிலோமீட்டர், 131 வரை வேகம். சீன விளம்பரங்களில் பழைய முறையின் எண் இன்னும் பளிச்சென்று நிற்கும், ஏன் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது எம்1 ஹைவேக்கு வாங்க. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 55-இல் போகிற கார் 110-க்குப் போனால் காற்று நான்கு மடங்கு தள்ளும். நான் போட்ட கணக்கில், இந்த மாதிரி வடிவமுள்ள செடான் மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரத்துக்கு மட்டும் 100 கிலோமீட்டருக்கு 16 யூனிட் கேட்கும். வழியில் ஏற்படும் இழப்பு எல்லாம் சேர்த்தால் பெட்ரோல் 5 லிட்டர் பக்கம் வந்துவிடும். அதாவது 55, 60 எம்பிஜி. இந்த அளவுக் காருக்கு அதுவே அருமையான எண். ஆனால் 97 இல்லை.

போன வருஷம் ஆபீஸ் வேலையாக ஷியான் போனபோது கூட வேலை பார்க்கிற நண்பர் ஒருவர் தன் சின் எல் காரில் என்னை ஹுவாஷான் மலைக்குக் கூட்டிப்போனார். சீனாவில் நம்ம லைசென்ஸ் செல்லாது, சர்வதேச பெர்மிட்டும் செல்லாது. அதனால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டு போனேன். ஊருக்குள் எண் மூன்றைச் சுற்றி நின்றது. ஹைவேயில் 120 பிடித்ததும் நாலைத் தாண்டியது, அப்புறம் இறங்கவே இல்லை. நண்பருக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. "முன்னாடி வைத்திருந்த கார் இதைப்போல இரண்டு மடங்கு குடித்தது" என்றார், அவ்வளவுதான்.

அழகைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆடி, ஆல்ஃபா ரோமியோவில் இருந்த வொல்ஃப்காங் எக்கர் பிஒய்டி டிசைன் தலைவராக வந்த பிறகு அவர்களின் கார்கள் வேறு மாதிரி ஆகிவிட்டன. சின் எல் முகம் டிராகன் என்கிறார்கள், பின் விளக்கு சீன முடிச்சு. 'சின்' என்பது சீனாவை முதலில் ஒன்றாக்கிய அரச வம்சத்தின் பெயர். சீல் 06 கொஞ்சம் அமைதியான முகம், எனக்கு அதுதான் பிடித்தது. உள்ளே பிளாஸ்டிக் எது, தோல் எது என்று தட்டிப் பார்க்கிற ஆள் நான் இல்லை. விலையைப் பார்த்தபோது எல்லாம் மன்னிக்கத் தோன்றியது. சீனாவில் 2024 அறிமுகத்தின்போது ஆரம்ப விலை 99,800 யுவானாக இருந்தது. அன்றைய மதிப்பில் சுமார் 11,000 பவுண்டு.

ஆனால் கவனிங்க, அந்தத் தாழ்ந்த கூரையும் சரிந்து இறங்கும் பின்பக்கமும் அழகுக்கு மட்டும் இல்லை. நான் மேலே போட்ட 16 யூனிட் கணக்கு செடானுக்கு. அதே மெஷினை ஒரு எஸ்யூவிக்குள் வைத்தால், முன்பக்கப் பரப்பும் எடையும் கூடி, ஹைவே கணக்கு மோசமாகும். நம்ம ஆட்கள் எல்லோருக்கும் இப்போது உயரமான கார்தான் வேண்டும். அம்மாவுக்கு முட்டி வலி, ஏறி இறங்க வசதி என்றால் நியாயமான காரணம். "கெத்தா இருக்கும்" என்றால், அந்தக் கெத்துக்குப் பெட்ரோல் பங்கில் பணம் கட்டுகிறீர்கள்.

சீல் 06 இங்கே சீல் 6 டிஎம்-ஐ என்ற பெயரில் வருகிறது. விலை சீன விலை மாதிரி இருக்காது, அதை எதிர்பார்க்காதீங்க. ஐரோப்பிய யூனியன் 2024 அக்டோபர் கடைசியில் சீனாவிலிருந்து வரும் முழு மின்சார கார்களுக்குக் கூடுதல் வரி போட்டது, பிஒய்டிக்கு 17%. ஹைப்ரிட்டுக்கு அந்த வரி கிடையாது. பிரிட்டன் அப்படி வரி எதுவும் போடவில்லை. பாரிஸிலும் டோர்ட்முண்டிலும் இருக்கிற நீங்கள் திடீரென்று சீன ஹைப்ரிட் விளம்பரங்களாகப் பார்க்கிறீர்கள் என்றால், இதுவும் ஒரு காரணம்.

ஷோரூமில் உங்களுக்கு 2.9-ஐவிடவும் அதிசயமான எண்ணைக் காட்டுவார்கள். நூறுகளில் எம்பிஜி இருக்கும். அது "இவ்வளவு தூரம் பிளக் போட்ட மின்சாரத்தில் ஓட்டுவார்கள்" என்று ஒரு பங்கை அனுமானித்து, இரண்டையும் கலந்து எடுத்த சராசரி. அந்த அனுமானம் எவ்வளவு தப்பு? 2021-இல் பதிவான கார்களிலிருந்தே நேரடியாகத் தகவல் எடுத்து ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்டது. சாதாரண பெட்ரோல், டீசல் கார்கள் லேப் எண்ணைவிட 20% பக்கம் அதிகமாகப் புகை விட்டன. பிளக்-இன் ஹைப்ரிட்கள் மூன்றரை மடங்கு. கம்பெனி கார் வரி குறையும் என்பதற்காக எடுத்துவிட்டு, கேபிளைக் கவர்கூடப் பிரிக்காமல் டிக்கியில் வைத்திருக்கிற ஆட்களை எனக்கே தெரியும்.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருத்தி ஹாரோவில் பெற்றோர் வீட்டில் இருக்கிறாள், வாசலில் கார் நிறுத்த இடம் உண்டு. ஒருவன் ஈஸ்ட் ஹாமில் மூன்றாம் மாடி ஃபிளாட், கார் தெருவில். இருவரும் 19 யூனிட் பேட்டரி உள்ள சீல் 6 வாங்குகிறார்கள். மின்சாரத்தில் சுமார் 100 கிலோமீட்டர் ஓடும். அவள் இரவில் மலிவு ரேட்டில் யூனிட் 8 பென்ஸுக்கு ஏற்றினால் 100 கிலோமீட்டருக்கு ஒன்றரை பவுண்டு. சாதாரண வீட்டு ரேட் 25 பென்ஸ் என்றாலும் ஐந்து பவுண்டுக்குள். அவன் பொதுச் சார்ஜரில் யூனிட் 60 பென்ஸ் கொடுத்தால் 11 பவுண்டு 40 பென்ஸ். வீட்டுக் கரண்டுக்கு 5% வாட், தெருச் சார்ஜருக்கு 20%, அந்த அநியாயமும் இதில் சேர்த்தி. சரி, அவன் சார்ஜ் போடாமல் பெட்ரோலிலேயே ஓட்டினால்? 5 லிட்டர், லிட்டர் 1 பவுண்டு 40 என்றால் ஏழு பவுண்டு.

பாருங்க, அவன் பிளக் போட்டால் நஷ்டம், போடாவிட்டால் லாபம்! ரேட்டுகள் நான் உதாரணத்துக்கு வைத்தவை, உங்கள் தெருவில் இருக்கிற ரேட்டைப் போட்டு நீங்களே பாருங்க. சார்ஜர் இல்லாதவன் பிளக்-இன் வாங்கக்கூடாது என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். பழைய ஐரோப்பிய பிளக்-இன்களுக்கு அது இன்றும் சரி. பேட்டரி தீர்ந்தால் அவை கனமான, குடிகார பெட்ரோல் கார்கள். டிஎம்-ஐ அப்படி இல்லை, பேட்டரி தீர்ந்தாலும் ஒரு நல்ல ஹைப்ரிட்டாகவே ஓடுகிறது. ஆனாலும் ஈஸ்ட் ஹாம் தம்பிக்கு 19 யூனிட் பேட்டரிக்கு அதிகக் காசு கொடுக்க அவசியமே இல்லை. 10 யூனிட் உள்ள மலிவு மாடலே போதும். பிளக்கே இல்லாத டொயோட்டா ஹைப்ரிட்டையும் ஒருமுறை விலை கேட்டுவிட்டு முடிவெடுக்கட்டும். ஹாரோ அக்கா பெரிய பேட்டரியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். வேலைக்குப் போய்வர 40 கிலோமீட்டர் என்றால் வாரத்தில் ஐந்து நாளும் பெட்ரோல் செலவு பூஜ்யம்.

டெஸ்ட் டிரைவுக்குப் போகிறவர்களுக்கு இரண்டு வேலை சொல்றேன். பிரோஷரில் கலந்த சராசரியை விட்டுவிட்டு, பேட்டரி தீர்ந்த நிலைக்கான டபிள்யூஎல்டிபி எண்ணைத் தேடுங்க. சின்ன எழுத்தில் இருக்கும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்க. அப்புறம், முதல் நாளே போன் பண்ணி, காரை சார்ஜ் போடாமல் வைக்கச் சொல்லுங்க. முழு பேட்டரியோடு கொடுத்தால் 20 நிமிஷமும் சத்தமில்லாமல் மின்சாரத்தில் ஓடிவிட்டு வந்துவிடும், என்ஜினை நீங்கள் சந்திக்கவே மாட்டீர்கள். பேட்டரி காலியாக இருக்கும்போது ஹைவேயில் ஏற்றி, வேகமாக மெர்ஜ் ஆகிப் பாருங்க. அந்த 1.5 லிட்டர் என்ஜின் போடுகிற சத்தம் உங்களுக்குச் சரிப்பட்டு வருமா என்பது அங்கேதான் தெரியும்.