வால்வு மாற்றியவருக்குக் காய்ச்சல் வந்தால்

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை எழுதுகிறேன். அப்பாவுக்குச் சாயங்காலமானால் லேசாக உடம்பு சுடுகிறது, சாப்பாடு இறங்கவில்லை, எந்நேரமும் படுத்தே இருக்கிறார், 72 வயதில் இதெல்லாம் இருக்கத்தானே செய்யும் என்று எழுதியிருக்கிறாய். வயதின் மேல் பழியைப் போட்டு விட்டுவிடாதே. என் தம்பிக்கு இதய வால்வு மாற்றியிருக்கிறது. அப்படிப்பட்டவருக்குக் காரணம் தெரியாமல் காய்ச்சல் வந்தால், வால்வில் கிருமி தொற்றியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். நர்ஸாக வேலை பார்த்த காலமெல்லாம் நாங்கள் கடைப்பிடித்த விதி இது.

முதியவர்களிடம் இந்த நோய் சத்தமில்லாமல் வரும். சிலருக்குக் காய்ச்சலே இருக்காது. களைப்பு, எடை குறைவு, முதுகுவலி, திடீர்க் குழப்பம் என்றுதான் தலைகாட்டும். ஈறு, தோல், குடல், சிறுநீர்ப்பாதை என எங்கிருந்தாவது ரத்தத்தில் கலந்த கிருமி வால்வில் ஒட்டி வளர்கிறது. அதில் ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். வால்வு அரிக்கப்பட்டால் இதயம் திணறும்.

மருந்துக் கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்காதே. அந்த நாலு மாத்திரையில் நோய் போகாது. ஆனால் பரிசோதனையில் கிருமி அகப்படாமல் போய்விடும். மருந்து தொடங்கும் முன்பே, வெவ்வேறு இடங்களில் குத்தி மூன்று முறை ரத்தம் எடுத்து பிளட் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும். மார்பின் மேல் வைத்து எடுக்கும் எக்கோவில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் சந்தேகம் தீர்ந்துவிடாது. உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ தேவையா என்று கேள். நோய் உறுதியானால் ரத்தக்குழாய் வழியாகக் குறைந்தது 6 வாரம் மருந்து ஏற வேண்டியிருக்கும். இடையில் காய்ச்சல் விட்டதும் வீட்டுக்கு அழைத்துவர அவசரப்படாதே.

இனிமேல் பல் பிடுங்குவதானாலும் ஈறைச் சுத்தம் செய்வதானாலும், வால்வு மாற்றியிருப்பதைப் பல் டாக்டரிடம் முன்கூட்டியே சொல். 30 முதல் 60 நிமிடத்துக்கு முன்பு ஒரு வேளை ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். தினமும் பல்லையும் ஈறையும் சுத்தமாக வைத்திருப்பது அதைவிட முக்கியம்.

நாளைக்கே ஆபரேஷன் செய்த இதய டாக்டரிடம் அழைத்துப் போ. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காதே. மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ விடியும்வரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டு போ. எனக்கு ஒன்றுமில்லை என்று அவன் அடம்பிடிப்பான். அக்கா சொல்லிவிட்டாள் என்று சொல், கிளம்பிவிடுவான்.

அன்புடன்,
அத்தை